மோசல் கரையில் நான் தூக்கிய பெட்டி

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று கூரியரில் வந்தது. கெட்டி அட்டை, பொன் நிற எழுத்து, மேலே பிள்ளையார். என் பெயருக்குக் கீழே ‘மேற்பார்வையாளர், ஓய்வு’ என்று போட்டிருக்கிறாய். உன் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இன்னாய்யா இது, பேரு உன்னுதா கீது, ஆளு வேற எவனோ கீறான்?” என்று கேட்டாள். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் குமணன்சாவடி மண்டபத்துக்கு வழி போட்டிருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்போமே, தொடுவது தெரியும், கன்னம் நம்முடையது என்று தெரியாது. ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் படித்துவிட்டு அழித்துவிடுவாய். போனில் பேசினால் “மீட்டிங் இருக்குப்பா” என்பாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரும் இல்லை, நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் பெயரும் இல்லை. நீ யார் என்று உனக்குத் தெரியும். உன்னைப் போலவே அப்பாவுக்கு ஒரு வேலையைக் கற்பனை செய்து சொல்லிவைத்திருக்கிற பிள்ளைகள் இந்த ஊரிலும் அந்த ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் மேற்பார்வை பார்த்தவன் இல்லை, இறங்கியவன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கான்ட்ராக்ட்காரன் எங்கே கூப்பிட்டாலும் போய், சாக்கடை மூடியை நெம்பித் திறந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். பிறகு கழிவுநீர் லாரி வந்தது, அதில் குழாய் பிடித்தேன். என் கூடப்பிறந்த தம்பி, உன் சித்தப்பா, சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டிக்குள் இறங்கினான், ஏறவில்லை. அந்தக் குடியிருப்பில் யாரும் கீழே இறங்கி வந்து பார்க்கக்கூட இல்லை, பால்கனியிலிருந்து பார்த்தார்கள். வேலை என் மூக்கை எடுத்துக்கொண்டது. எனக்கு எந்த வாசனையும் தெரியாது, மல்லிப்பூவும் தெரியாது, மலமும் தெரியாது. நாம் இருப்பது திருநின்றவூரில், ஏரிப் பக்கம், காலனியில். காலனி என்றால் ஊருக்கு வெளியே எந்தச் சாதியை ஒதுக்கி வைப்பார்கள் என்று தமிழில் படிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நீ படித்தாய். கடன் வாங்கவில்லை, திருடவில்லை, உன் தலையில் இருந்ததை வைத்து ஜெர்மனி வரைக்கும் போனாய். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கவில்லை. இந்தக் கோடையில் என்னை அங்கே வரச் சொல்லி டிக்கெட் அனுப்பினாய். ஒரே டிக்கெட். “அம்மாவுக்கு முட்டி வலி, இங்க எங்க பாத்தாலும் படிக்கட்டு” என்றாய். அம்மாவும் சரி என்று விட்டுவிட்டாள். உனக்குப் பிடித்த பொண்ணு அங்கேயே வேலை பார்க்கிறாள், அவளுடைய அப்பா அம்மாவும் அம்பத்தூரிலிருந்து வருகிறார்கள், எல்லாரும் சேர்ந்து ஆற்றோரமாகச் சுற்றலாம், பழகிக்கொள்ளலாம் என்று சொன்னாய். நல்ல யோசனைதான் என்று நினைத்தேன்.

வந்து இறங்கிய மறுநாள் காலையில் உன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டாய். கனமான கோட்டு, தலையை இறுக்கும் ஹெல்மெட். ரைன் ஆற்றை ஒட்டியே ரோடு போனது. ஒரு பக்கம் ஆறு, அதில் கப்பல் மாதிரி நீளமான படகுகள் மணலும் கரியும் ஏற்றிக்கொண்டு போயின. மறுபக்கம் செங்குத்தான மலைச்சரிவு, அதில் கோடு போட்ட மாதிரி திராட்சைத் தோட்டம். ரோட்டில் குழி இல்லை, சாக்கடை மூடிகள் ரோட்டோடு சமமாக இருந்தன. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், மலைமேல் இருந்த கோட்டைகளை அல்ல. உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று இப்போது தெரிகிறது.

மோசல் ஆறு வந்து ரைனில் சேர்கிற ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தினாய். ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு மர பெஞ்சு. நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “நைனா, ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத” என்றாய். நீ என்னை நைனா என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அப்போதே எனக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

“அவங்க ஊட்ல கேட்டாங்க, அப்பா இன்னா பண்றாருன்னு. நகராட்சில சூப்பர்வைசர்னு சொல்லிட்டேன்.”

“அந்தப் பொண்ணாண்ட?”

“அவகிட்டயும் அதான்.”

“கட்டிக்கப் போற பொண்ணாண்டயுமா?”

“கல்யாணம் முடியட்டும் நைனா. அப்பால நானே சொல்லிக்கிறேன்.”

“நாம இன்னா ஆளுங்கன்னு?”

“அவங்களா ஒண்ணு நெனச்சுகினாங்க. நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான்.”

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்: “அதுக்குத்தான் உங்கம்மாவ ஊட்லயே உட்டுட்டியா?” நீ சிரிக்கவில்லை. ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். “அம்மா வாய் சும்மா இருக்காது நைனா” என்றாய். ஆற்றில் ஒரு படகு நம்மைக் கடந்து போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு “சரி, போலாம்” என்றேன். நீ என் தோளைத் தட்டினாய். என்னமோ நான் உனக்கு உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

அந்த ஊரில் பெண் வீட்டார் கேம்பர் வண்டியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேசை, திரும்பி நிற்க முடியாத ஒரு கக்கூஸ். அந்தப் பெண்தான் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டினாள். நீ மோட்டார் சைக்கிளில் முன்னால் போனாய். சம்பந்தி நல்ல மனிதர்தான், அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் காரணம் இல்லை. சேலத்துப் பக்கம், வேலைக்கு வந்து அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கி இருந்துவிட்டவர். “ஜெர்மனிக்கு வந்தும் எனக்கு ரசம் சாதம்தான் சம்பந்தி, என் தலையெழுத்தைப் பாருங்க” என்று சிரிப்பார். அவர் மனைவி “உங்க நாக்குக்கு வேற என்ன எறங்கும்?” என்பார். சாப்பிட உட்கார்ந்த முதல் நாளே அவர் கேட்டார்.

“உங்களுக்குப் பூர்வீகமே திருநின்றவூர்தானா?”

“ஆமா சார்.”

“ஊர்ல எந்தப் பக்கம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “ஸ்டேஷன் பக்கம் மாமா.”

“அங்கெல்லாம் அந்தக் காலத்துல நெலம் நீச்சு இருந்திருக்குமே?”

“இருந்துச்சு மாமா” என்றாய்.

இருந்ததுதான். உன் தாத்தா அதில் கூலிக்கு நாற்று நட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று கேட்டவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, தெருவைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். நீயும் தெருவை மாற்றிச் சொல்லி அதை வாழவைக்கிறாய்.

இனி அந்தப் பெட்டி. கேம்பர் கக்கூஸுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, கைப்பிடி வைத்தது. எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை உருவி எடுத்து, ஆற்றங்கரையில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் இதற்கென்று இருக்கிற தொட்டியில் கவிழ்த்து, கழுவி, நீல மருந்து ஊற்றி மறுபடியும் சொருக வேண்டும். மூன்றாம் நாள் காலையில் விளக்கு எரிந்தது. சம்பந்தி கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “இதைத் தொட என்னால ஆகாதுப்பா. இதுக்குன்னு இங்க ஆள் யாராச்சும் வருவாங்களா?” என்றார்.

“ஆளா? யூஸ் பண்றவங்கதான்பா ஆள்” என்று அந்தப் பெண் சிரித்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள். அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “கல்யாணம் ஆகப்போற பொண்ணு, நீ போய் அதைத் தொடுவியா? உக்காரு.”

நீ அங்கேதான் இருந்தாய். காலையில் குளித்துச் சட்டை மாற்றியிருந்தாய். சம்பந்தியைப் பார்த்தாய், அந்தப் பெண்ணைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். “அப்பா, நீங்க கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?” என்றாய்.

உலகத்துக்கெல்லாம் என்னை மேற்பார்வையாளர் என்று சொன்னவன், நாற்றம் என்று வந்தவுடன் யாரைத் திரும்பிப் பார்த்தாய் என்று யோசி. நீ வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. உன் கழுத்து தானாகத் திரும்பியது. என் கால்களும் தானாக எழுந்தன. நான் மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. பெட்டியை உருவினேன், தூக்கிக்கொண்டு நடந்தேன். தொட்டியடியில் எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன் கிழவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் நல்ல வாட்ச். தன்னுடைய பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்து “மோர்கன்” என்று காலை வணக்கம் சொன்னார். நானும் மோர்கன் என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார், அவர் மனைவி தட்டில் ரொட்டி வைத்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரைப் புகழ்ந்து சொல்லவில்லை நான். ரயில்வே ஸ்டேஷனில் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த வேற்று நாட்டு முகமாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் அந்தக் கிழவர் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டு போனார், அது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

திரும்பி வந்தேன். சம்பந்தி, “உங்களுக்கு அருவருப்பே இல்லையே சம்பந்தி, பெரிய மனசு” என்றார். அவர் மனைவி, “கை கழுவியாச்சா?” என்று கேட்டுவிட்டுக் காபி கொடுத்தார். எல்லாருக்கும் வண்டியில் இருந்த பீங்கான் கோப்பை. எனக்குக் காகிதக் கோப்பை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது, பெட்டியைத் தொட்டேன் என்பது மட்டும்தான் தெரியும். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு ரொட்டிக்கு ஜாம் தடவினாய். அடுத்த முறை விளக்கு எரிந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானே எழுந்துபோய் எடுத்தேன். ஆற்றோரம் வண்டி நின்ற ஒவ்வொரு ஊரிலும் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும். ஊர் பெயர்கள் ஞாபகமில்லை.

ஒருநாள் மோசலில் படகு ஏறினோம். மேல்தட்டில் வெயில். சம்பந்தி தண்ணீரைப் பார்த்துவிட்டு, “நம்ம கூவமும் இப்படித்தானே ஓடியிருக்கணும். நம்ம ஜனங்க சரியில்ல சார்” என்றார். ஃப்ளாட்டுகளிலிருந்து லாரியில் உறிஞ்சிய சரக்கை முதலாளி எங்கே கொட்டச் சொன்னார், எந்தப் பாலத்தடியில் குழாயைத் திறந்துவிட்டோம் என்று எனக்கு இடம் காட்டத் தெரியும். சரியில்லாத ஜனம் எந்த மாடியில் குடியிருக்கிறது என்றும் தெரியும். நான் “ஆமா சார்” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாமா, நாளைக்கு அந்த டாய்லெட் பாக்ஸ் நான் எடுக்கிறேன். நீங்களே ஏன் எடுக்கணும்?” என்றாள்.

“பரவால்லம்மா.”

“இல்ல மாமா. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. எங்கப்பா வீட்ல குப்பைக் கவரைக்கூடத் தொடமாட்டாரு. நீங்க எப்படி இவ்ளோ சாதாரணமா எடுக்கறீங்க? வேலைல என்ன பண்ணிட்டிருந்தீங்க நீங்க?”

தம்பி, அவள் வம்புக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர் பெஞ்சில் நீ அவள் அம்மாவுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய், போனைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தாய். நான் “சூப்பர்வைசர்மா” என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தப் பொய்யை நீ சொன்னபோது அது உன்னுடையது. அந்தப் படகில் அது என்னுடையதும் ஆகிவிட்டது. மறுநாள் நான் கண் விழிப்பதற்குள் பெட்டி காலியாகி, கழுவி, சொருகப்பட்டிருந்தது. அவள் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, “முடிஞ்சுது மாமா, தூங்குங்க” என்றாள். அவள் அம்மா அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ பயந்தாய் என்றால் எனக்குப் புரியும். பயப்பட ஆயிரம் காரணம் இருக்கிற நாடு இது. பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காகப் பையனை நடுரோட்டில் வெட்டிப் போடுகிறார்கள், பெண்ணைப் பெற்றவர்களே விஷம் கொடுக்கிறார்கள். “நைனா, எனக்குப் பயமா கீது” என்று அந்த மர பெஞ்சில் சொல்லியிருந்தால் நான் உனக்காக எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். நீ பயப்படவில்லை. வெட்கப்பட்டாய். இரண்டும் ஒன்றில்லை. பயத்துக்கு ஒளிந்துகொள்ளலாம், ஊரை விட்டுப் போகலாம், நீங்கள் இருக்கிற ஊரிலேயே பதிவு செய்துகொண்டு இந்தப் பக்கமே வராமல் இருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் தூரத்திலிருந்தே வாழ்த்தியிருப்பேன். வெட்கத்துக்கு நாங்கள் என்ன மருந்து கொடுப்பது? எங்களை வேறு ஆளாக அச்சடிப்பதுதான் மருந்து என்றால், அது இந்தக் கல்யாணத்தோடு நிற்காது. பிள்ளை பிறந்தால் அதற்கும் ஒரு தாத்தாவைத் தயார் பண்ண வேண்டியிருக்கும். நாங்கள் செத்தால் எந்தச் சுடுகாடு என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் யோசி. அவள் அப்பா அம்மா மாறுவார்களா மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது, அதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. அவள் தாங்குவாளா என்பதும் தெரியாது. பெட்டியைக் கழுவியவள் எல்லாவற்றையும் தாங்குவாள் என்று கதை கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவள் அவள். தெரியாமலே அவள் கழுத்தை நீட்டுவது அவள் எடுத்த முடிவு ஆகாது, நீ எடுத்தது.

இவ்வளவு நாள் உன் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆறு நல்லா இருந்துச்சு, வண்டி நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னேன். “அவ்ளோ பெரிய ஆத்துல ஒரு மீனுகூட துன்னலியா?” என்று கிண்டல் செய்துவிட்டு விட்டுவிட்டாள். நேற்று பத்திரிகை வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, தெரு, பெட்டி, கோப்பை, படகு, எல்லாம். அவள் நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினாள்.

“அதுக்குத்தான் எனுக்கு முட்டி வலின்னானா?”

“ஆமா.”

“எனுக்கு ஏதுய்யா முட்டி வலி? நாளெல்லாம் தையல் மெஷின் மிதிக்கிறேன். நம்ம பையன் சொல்றானேன்னு நானும் வலிக்குதுபோலன்னு நெனச்சுகினேன்.”

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “அந்தப் பொண்ணு எப்டி?” என்றாள். அந்தப் பெண் பெட்டியை எடுத்துக் கழுவியதைச் சொன்னேன். “யாரு, அவளேவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். “அப்ப அவளாண்ட சொல்றதுக்கு இவுனுக்கு இன்னா கேடு?”

“கல்யாணத்துக்குப் போவலாமா, வேணாமா?” என்று நான்தான் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“போவாம? பெத்தவ நானு.”

“அங்க நீ ஒண்ணும் பேசக் கூடாதாம்.”

“வாய மூடிகினு வந்து குந்திகினு போறதுக்கு நான் இன்னா பொணமாய்யா?”

அதனால் நாங்கள் வருகிறோம். யாராவது எந்தத் தெரு என்று கேட்டால் உன் அம்மா காலனி என்று சொல்வாள். வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டால் சாக்கடையில் இறங்கினார் என்று சொல்வாள். சத்தமாகத்தான் சொல்வாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூறு மெஷின் ஓடுகிற இரைச்சலில் பேசிப் பழகியவள், அவளுக்கு மெதுவாகப் பேச வராது. நானும் இந்த முறை “ஆமா சார்” சொல்லமாட்டேன். உன்னை மிரட்டுவதற்காக எழுதவில்லை. உன் கல்யாணத்துக்கு யார் வருகிறார்கள் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. முகூர்த்தச் சேலை நம் வீட்டிலிருந்து போக வேண்டும், ரவிக்கையை உன் அம்மாவே தைக்கப் போகிறாள். கடையில் கொடுக்கமாட்டாளாம். அதற்கு அளவு வேண்டும். உன்னிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மருமகளிடம் அவளே நேராகப் பேசி வாங்கிக்கொள்வாளாம். பத்திரிகையோடு நீ வைத்திருந்த சீட்டில் அந்தப் பெண்ணின் நம்பர் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, காலையில் போன் போடுவாள். அதற்கு முன்னால் சொல்லிவிடு.

அப்பா